விற்காமல் போன வளையல்

திருக்கோவிலூரிலிருந்து மணலூர்பேட்டை போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு வளையல் கடைக்காரரும் அவர் மனைவியும். அந்தம்மா போனில் இங்கிலீஷ் படிக்கிறார். 'ஆக்ஸிடென்டலி' என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருக்கிறார் டீச்சர். எழுதியதை அவர் படித்துக் காட்டியதும் என் காது அங்கேயே நின்றுவிட்டது.

"மை ஹஸ்பெண்ட் ஆக்ஸிடென்டலி மேட் மீ ஹேப்பி."

"அப்டின்னா இன்னா?" என்றார் கடைக்காரர்.

"எங்க வூட்டுக்காரரு தெரியாத்தனமா என்னை சந்தோசப்படுத்திட்டாருன்னு அர்த்தம்."

"தெரியாத்தனமாவா? எப்போ?"

"பெருநாளைக்கு வளையல் கொண்டாந்தீங்களே. சின்ன சைஸு, யாருக்கும் சேரல, விக்கவே இல்லன்னு. எனக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சுங்க."

ஜன்னலுக்கு வெளியே போன கரும்பு டிராக்டரைப் பார்த்தபடியே கடைக்காரர் கேட்டார்.

"அந்த சைஸ நம்ம கடைல எப்பனா பாத்துகிறியா?"

"இல்லியே."

"நான் வாங்கினு வர்றதே இல்ல. அம்மாம் சின்ன கை இங்க யாருக்குக் கீது?"

"அப்ப ஏன் விக்கலன்னு சொன்னீங்க?"

"உனக்குன்னு வாங்கினேன்னு சொன்னா, தண்டச் செலவு, திருப்பிக் குடுங்கன்னுவ."

அந்தம்மா துப்பட்டா முனையால் வாயை மூடிக்கொண்டார். விரல் மட்டும் போனில் நகர்ந்தது.

"இன்னா அழிக்கிற?"

"அந்த ஆக்ஸிடென்டலிய."

"டீச்சர் கேட்டதே அந்த வார்த்தையத்தானே? தப்புன்னு போட்டுடுவாங்க."

"போட்டுக்கினு போவட்டும்ங்க."