சுத்தமான பேரு

— அழிச்சது அழிச்சதுதாங்க பெலிக்ஸ். சிபில் கடன் ரெக்கார்டுல இருந்து எடுத்ததைத் திரும்ப ஏத்தச் சொல்லி இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லை, புரியுதுங்களா?

— அட போங்க மேனேஜர் மேடம். கோர்ட்டு கேஸ் பாக்கின்னு ஒரே ஒரு வரி. அது எம்பேருக்குக் கீழ கெடந்துட்டுப் போவுது, ஒங்களுக்கு என்ன கஷ்டம்?

— நீங்கதான் முழுசாக் கட்டிட்டீங்களே. கட்டினது சரின்னு கோர்ட்டே எழுதிக் குடுத்திருக்கு. அந்தக் காப்பியை வச்சு நாங்க திருத்தம் அனுப்பினோம். இப்ப உங்க பேரு சுத்தம். சந்தோஷப்படாம சண்டைக்கு வர்றீங்க.

— அந்தக் கடன் நான் வாங்குனதா மேடம்? சித்தப்பா மகன் அஜித்து வலை வாங்கணும்னான், ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் சிங்கப்பூருக்குப் பிளைட் ஏறிட்டான். கோர்ட்டு நோட்டீஸு கோட்டைப்பட்டினத்துக்கு, எங்கிட்ட வந்துச்சு. வீட்டு மனையை வித்துல்ல கட்டுனேன்.

— அந்தக் கறை போனது நல்லதுதானே?

— கறையா? எனக்கு அது காவல் மேடம். அந்த வரி ஏறுனதுலேருந்து ஒரு பய ஜாமீன் கேட்டு இங்கிட்டு வரலை. தப்பித் தவறி வந்தாலும் போனை எடுத்து சிபிலைக் காட்டுவேன். பாவம்னு டீ வாங்கிக் குடுத்துட்டுப் போயிருவான்.

— முடியாதுன்னு வாயால சொல்ல வேண்டியதுதானே?

— கேக்குறது பொண்டாட்டியோட தம்பி. ஆனந்தராஜு. மீமிசல்ல மீன் ஏத்த வேன் வாங்கப் போறானாம். நேத்து வந்து, மச்சான், ஒங்க பேருதான் சுத்தமாயிருச்சேங்கிறான். எனக்கே தெரியாதது அவனுக்கு எப்படித் தெரியும்?

— திருத்தம் கேட்ட லெட்டர்ல உங்க கையெழுத்துதாங்க இருக்கு.

— நான் எங்க போட்டேன்? ... இருங்க. போன மாசம் சாப்பிடையில எங்க வீட்டுக்காரி ஒரு பேப்பரை நீட்டுனா. கேஸ் சிலிண்டருக்குன்னா. கையைத் தொடச்சுட்டுப் போட்டேன்.

— அவங்கதான் கொண்டாந்தாங்க. கோர்ட் காப்பியும் கையில. கூட ஒருத்தர் வந்தாரு, தம்பின்னாங்க.

— அக்காளும் தம்பியும் சேர்ந்தா?

— இப்பவும் வெளிய பெஞ்சுல அவரு உக்காந்திருக்காருங்க. நீங்க கையெழுத்துப் போட வந்திருக்கீங்கன்னு நெனைச்சுக்கிட்டு. நான் அவருக்கு என்ன சொல்ல?

— ஒண்ணும் சொல்லாதீங்க. ஆமா, இப்ப நான் கடன் கேட்டா பேங்க்குல குடுப்பீங்களா?

— தாராளமா. ஜாமீனுக்கு மட்டும் ஒரு ஆள் வேணும். கடன், கேஸுன்னு எதுலயும் மாட்டாத ஆளா இருக்கணும், புரியுதுங்களா?

— நல்லாப் புரியுது மேடம். என் மீன்புடி போட்டுக்குப் புது எஞ்சின் வாங்க எம்பேர்ல ஒரு லோன் எழுதுங்க. ஜாமீனுக்கு அந்தப் பெஞ்சுல இருக்கவனைக் கூப்பிடுங்க. அக்கா புருசனுக்கு மாட்டேன்னு எப்படிச் சொல்றான்னு நானும் பாக்குறேன்.