நானூற்றுப் பன்னிரண்டு காலடி

உங்கள் சுவரில் இருக்கும் நாள்காட்டி இன்னும் போன மாதத்திலேயே நிற்கிறது, சார். முதலில் அதைக் கிழித்துவிடுங்கள். பிழையான ஒன்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு என்னால் பேச முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நான் வந்ததும் ஒரு பிழையைத் திருத்தத்தான். வினார்த்தி என்ற பெண் படப்பிடிப்பில் கடலோடு போனதை நீங்கள் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். உதவி இயக்குநர் ஃபத்லி கவனக்குறைவுக்காக உள்ளே இருக்கிறான். போன வாரம் ஒரு பேட்டியில் இயக்குநர், அந்தக் காட்சி தற்செயலாக அமைந்தது என்று சொல்லியிருக்கிறார். முதல் இரண்டையும் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவதைப் பொறுக்க முடியவில்லை.

என் பெயர் ஹொஸ்னா. அப்பா உப்பளத்துக் கூலி. மதுராத் தீவின் இந்தக் கரையில் உப்பு வாருகிறவர்கள் வீட்டிலிருந்து பட்டம் வாங்கிய முதல் பெண் நான். எப்படிப் படித்தேன் என்று எல்லோரும் கேட்பார்கள். அரசாங்க உதவித்தொகை என்று சொல்லிவிடுவேன். உண்மையில் 'உப்பின் ஏழு வாசல்கள்' படித்ததால் படித்தேன்.

நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். ஏழு புத்தகம். அதன் நாயகி லிந்தாரி, உப்பு வாருகிறவளின் மகள். கன்னங்கரேல் என்று இருப்பாள். முதல் புத்தகம் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. கடலரசனிடம் போய்த் தன் ஊரின் கணக்கைக் கேட்கப் புறப்படுகிறாள். மூன்றாம் புத்தகத்தின் முடிவில் கரையிலிருந்து கடலுக்குள் இருக்கும் மணல்திட்டுவரை தனியாக நடக்கிறாள். நானூற்றுப் பன்னிரண்டு காலடி. கடல் இடுப்புவரை ஏறுகிறது. ஊரே பின்னால் நின்று உன்னால் முடியாது என்கிறது. அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

பள்ளியில் என்னைக் கரிச்சட்டி என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினேன். அவ்வளவுதான்.

எழுத்தாளர் எங்கள் கரையைப் பார்த்துத்தான் அந்தக் கடலை எழுதினார். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை வாசகர்கள் எங்கெங்கிருந்தோ இங்கே வருவார்கள். கடல் நன்றாக உள்வாங்கியிருக்கும் வற்ற வேளையில் எல்லோரும் சேற்றில் இறங்கி, சத்தமாக எண்ணிக்கொண்டே திட்டுவரை நடப்போம். ஆறு ஆண்டுகளாக முன்னால் நடப்பவள் நான். வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது, முந்நூற்று எண்பதாவது காலடியைத் தாண்டி. வற்றத்தில் கணுக்கால் அளவு நீர். ஓதம் வந்து கடல் திரும்ப ஏறத் தொடங்கினால் முதலில் நிறைவது அதுதான். அங்கே நீர் குறுக்கே ஓடி ஆளை இழுக்கும். கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. நிறம் கொஞ்சம் மாறும். அது எனக்குத் தெரியும். கழுத்தில் ஒரு விசில் போட்டிருப்பேன். ஊதினால் எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்பது விதி.

பிறகு படம் எடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அன்று நான் அழுதேன், சந்தோஷத்தில். நாயகி யார் என்று தெரிந்த நாளில் அழவில்லை. பால் நிறத்தில் ஒரு பெண். சோப்பு விளம்பரத்தில் வருகிறவள். மை பூசிக் கறுப்பாக்குவார்களாம். எங்கள் வாசகர் குழுவில் பாதிப்பேர், "படம் வர்றதே பெருசு, விடு" என்றார்கள். எழுத்தாளருக்கு நாங்கள் ஒன்பதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். 'புத்தகம் உங்களுடையது, படம் அவர்களுடையது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. விற்றுவிட்ட பிறகு எது யாருடையது என்று சொல்வது சுலபம்.

திரைக்கதை கசிந்து என் கைக்கு வந்தது. அதிலிருந்த பிழைகளை அறுபத்தொரு பக்கம் எழுதி அனுப்பினேன். வாயை அடைக்க என்னை ஆலோசகராக எடுத்துக்கொண்டார்கள். தெரிந்துதான் போனேன். உள்ளே போனால் ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தேன்.

படப்பிடிப்பில் என்னைத் தப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவன் ஃபத்லி. கெட்டவன் இல்லை. காலையில் சோற்றுப் பொட்டலம் நீட்டும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"இந்தாங்க தப்பக்கா, சாப்பிடுங்க. முட்டை சரியா வெந்திருக்கான்னு பாத்து ஒரு அறிக்கை குடுத்துருங்க."

"மிளகாய் அரைக்கலை. நறுக்கிப் போட்டிருக்கான்."

"பாத்தீங்களா. நான் சொல்லலை?"

நான் சொன்ன நூற்றில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. கடைசியில் நடையும் போனது. திரைக்கதைப்படி பாதி வழியில் நாயகன் படகில் வந்து லிந்தாரியைத் தூக்கிக்கொள்கிறான். அன்று இயக்குநரின் வண்டிக்கு முன்னால் நான்கு மணி நேரம் நின்றேன். தரையில் உட்கார்ந்தும் கேட்டேன். காலைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் மிச்சம். ஃபத்லிதான் நடுவில் புகுந்து பேசினான்.

"சரிக்கா. பின்னாலேர்ந்து ஒரு தூரக் காட்சி எடுத்துருவோம். மூஞ்சி தெரியாது. நடிகை சேத்துல எறங்க மாட்டா, அவளுக்குப் பதிலா நடக்க ஒரு பொண்ணு இருக்கு. முழு நடையும் நடப்பா. போதுமா?"

"இடுப்பளவு தண்ணி?"

"அத கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்."

கம்ப்யூட்டரில். என் கடலை.

பதிலாக நடக்க வந்தவள்தான் வினார்த்தி. முதன்முறை அவளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மை வேண்டியதில்லை. மூன்றாம் பக்கத்திலிருந்து எழுந்து வந்து நின்றாள். அந்தக் கழுத்து, அந்தத் தோள். மலையடிவாரத்துக் காப்பித் தோட்டத்திலிருந்து வந்தவள். புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லை. நான்தான் மரநிழலில் உட்கார்த்தி வைத்துக் கதை சொன்னேன்.

"ஏங்க்கா அந்தப் பொண்ணு திரும்பியே பாக்கலை? நானா இருந்தா பாத்துருவேன்."

"எதுக்கு?"

"எங்கம்மா நிக்குதான்னு பாக்கத்தான். வேற எதுக்கு?"

"நீ திரும்பக் கூடாது. என்ன ஆனாலும். திரும்பினா காட்சி போச்சு."

"சரிக்கா. நீங்க கரையில நிப்பீங்கல்ல?"

"நிப்பேன். உனக்கு நீச்சல் தெரியுமா?"

அவள் சிரித்தாள். "காப்பித் தோட்டத்துல எங்கக்கா நீந்துறது?"

இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். கேட்டேன், அவள் சொன்னாள்.

அன்று மாலை ஃபத்லி குறிப்பேட்டோடு வந்தான். வற்றம் எத்தனை மணிக்கு என்று கேட்டான். துறைமுக அட்டவணை தீவின் மறுபக்கத்துக்கானது. எங்கள் கரைக்கு வேறு கணக்கு. உப்பளத்து ஆட்களைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர்களில் யாருடைய பேரைக்கூட அவன் கேட்டு வைக்கவில்லை. என்னைக் கேட்டான். எல்லாவற்றிலும் தப்பு பிடிக்கிறவள் தப்பாகச் சொல்ல மாட்டாள் என்ற நம்பிக்கை.

மறுநாள் வற்றம் இரண்டரைக்கு. நான் நாலரை என்றேன்.

"அருமை. வெளிச்சமும் அப்பத்தான் நல்லாருக்கும். தப்பக்கா, நீங்களே விசிலோட நில்லுங்க. தண்ணி வந்தா ஊதுங்க, ஆளுங்க ஓடிப் போய்க் கூட்டிட்டு வந்துருவாங்க."

சரி என்றேன்.

நான் வினார்த்தியைக் கொல்ல நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது தண்ணீர்தான். உண்மையான தண்ணீர், இடுப்பு அளவு, புத்தகத்தில் இருக்கிறபடி. ஏழு புத்தகத்தில் ஒரு பக்கமாவது.

கரையில் கயிறு கட்டி ஊர்க்காரர்களை அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். அப்பாவும் நின்றார். உப்பு வாரும் பலகை பிடித்துக் காய்ந்த கையைக் கயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னம்மா, ஏத்தத்துல போய் அந்தப் புள்ளைய எறக்குறாங்க?"

"அவங்களுக்குத் தெரியும்பா."

"உனக்குத் தெரியாதா?"

ஒலிப்பதிவு ஓடுது, பேசாதீங்க என்று காவலாளி அதட்டினான். அப்பா வாயை மூடிக்கொண்டார். காலமெல்லாம் அப்படிப் பழகியவர். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

வினார்த்தி இறங்கினாள். நான் எண்ணத் தொடங்கினேன். அவள் நடை அவ்வளவு நேராக இருந்தது. கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள்கூட மூச்சை அடக்கிக்கொண்டார்கள். முந்நூற்றில் முழங்கால். அப்போதே பள்ளத்தின் நிறம் மாறியிருந்தது. பார்த்தேன். விசிலை உதட்டில் வைத்தேன். அதுவும் உண்மைதான். முந்நூற்று எண்பதில் நீர் அவள் இடுப்பைத் தொட்டது. பின்னலின் நுனி மிதந்தது. நான் பன்னிரண்டு வயதிலிருந்து கண்ணை மூடினால் வருகிற படம், சார், அப்படியே கண்ணெதிரே நின்றது. அந்த நேரத்தில் யாராவது ஊதுவார்களா?

ஃபத்லி மெல்லக் கேட்டான்: "அக்கா, தண்ணி நெஜமாவே வருதா?"

"அந்தப் பள்ளம் எப்பவும் அப்படித்தான்" என்றேன்.

மறுநாள் காலை மீன்வலையில் கிடைத்தாள்.

படம் வந்தபோது அவள் அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வந்தார்கள். அந்தக் காட்சியைப் படத்தில் வைக்கச் சம்மதித்தவள் அவள்தான். எம் பொண்ணு நடந்ததையாவது நாலு பேர் பார்க்கட்டும் என்றாளாம். அரங்கில் எனக்குப் பக்கத்து இருக்கை. அவளுக்கு இருட்டு பயம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் வினார்த்தி நடக்கத் தொடங்கியதும் அரங்கம் முழுக்க வாசகர்கள் எண்ணத் தொடங்கினார்கள். ஒருவர் ஆரம்பித்தார், பிறகு எல்லோரும்.

"எம் பொண்ணு எப்பம்மா திரும்புவா? மூஞ்சியக் காட்டுவாங்களா?"

"காட்ட மாட்டாங்கம்மா. கதையில அவ திரும்பறதே இல்லை."

அவளிடம் நான் சொன்னது சரிதான். ஆனால் வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும். முந்நூற்றுத் தொண்ணூற்றாறில் வினார்த்தி திரும்பினாள். நீர் அவளை இழுக்கத் தொடங்கியிருந்தது. கேமராவைப் பார்க்கவில்லை. என்னைத் தேடினாள், கண்டுபிடித்தாள், கையைத் தூக்கினாள். விசில் என் உதட்டில்தான் இருந்தது. நான் கையை வீசி, திரும்பாதே என்று சைகை காட்டினேன். அவளும் சொன்னபடி கேட்டு மறுபடி திட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

படத்தில் அந்த இடத்தை வெட்டிவிட்டார்கள். அந்த ஒரு பிழையை மட்டும் நான் சொல்லாமலே திருத்தியிருக்கிறார்கள்.