லாரிக்கு எதுக்கு வேலி?

"லாரிக்குத்தான் அடியே படாதே அத்தை, அதுக்கு எதுக்கு வேலி?"

சாலைப் பாதுகாப்புப் பிரிவைத் தாயாய்த் தாங்கிய தலைவியே! அன்புக்கும் வணக்கத்துக்கும் உரிய எங்கள் அம்மையீர்! இன்று பணி நிறைவு பெறும் உங்களை வாழ்த்த எழுந்து நிற்கையில், எங்கள் தட்டச்சரின் சின்ன மகள் அலுவலக முற்றத்தில் நின்று உங்களைக் கேட்ட அந்தக் கேள்விதான் முதலில் காதில் ஒலிக்கிறது. லாரியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, இருபுறமும் தடுப்புக் கம்பி கட்டாயம் என்னும் விதியை நீங்கள் ஆராயத் தொடங்கியிருந்த காலம் அது. மாதிரிக்காக, வாடகைக்கு எடுத்த ஒரு லாரியில் கம்பியைப் பொருத்தி முற்றத்தில் நிறுத்தியிருந்தோம்.

"வேலி லாரிக்கு இல்லடா கண்ணு. பக்கத்துல சைக்கிள்ல போறவங்க தடுமாறி விழுந்தா சக்கரத்துக்கு அடியில போயிடக் கூடாதுல்ல? அவங்களுக்கு" என்றீர்கள்.

"காசு யார் குடுப்பா?"

"லாரிக்காரர்."

"அவருக்கு என்ன கிடைக்கும்?"

நீங்கள் அவள் தலையைக் கோதிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

அறிவும் அருளும் அருகருகே அமர்ந்த அன்னையே! ஒரு விதியின் நன்மையை மட்டும் எழுதி மேலிடத்தை மகிழ்விப்பது எளிது. நீங்களோ தராசின் செலவுத் தட்டையும் அதே கரிசனத்தோடு பார்த்தீர்கள். இரும்பின் விலை, கம்பியின் எடையால் குறையும் சரக்கு ஆகியவற்றோடு, லாரி பட்டறையில் நிற்கும் நாளிலும் ஓட்டுநர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று அந்தக் கூலியையும் சேர்த்தீர்கள். ஒற்றை லாரியை நம்பிப் பிழைப்பவர் கோபத்தோடு வந்தாலும், நாற்காலி இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, அவர் புலம்பலைக் கடைசிவரை கேட்டீர்கள். மறு தட்டில் மாண்டவர் தொகையை எழுதும் முன்போ, ஒரு கணம் கண்மூடி இறைவனை நினைப்பீர்கள். "இது நம்பர் இல்லப்பா. யார் வீட்டுப் பிள்ளையோ" என்பீர்கள்.

அப்படிப்பட்ட உங்கள் பிரிவில்தான் அந்தத் தவறும் நேர்ந்தது. விபத்து நடந்த இடத்தில் காவலர்கள் எழுதிய கணக்கிலும், பிறகு உயிர் பிரிந்த மருத்துவமனையின் கணக்கிலும் இருந்த ஒரே மனிதரை நாங்கள் இருவராகக் கூட்டியிருந்தோம். லாரி உரிமையாளர்களோடு பேசும் கூட்டத்துக்கு முந்தைய நாள் நீங்களே அதைக் கண்டுபிடித்தீர்கள். திருத்தினால், மயிரிழையில் கனத்திருந்த நன்மைத் தட்டு எடை குறைந்து எழும்பி, விதியே கைநழுவிப் போகும் நிலை.

"வெளிய தெரியவா போகுது மேடம்? விட்டுடுங்க" என்று கெஞ்சினோம்.

"தராசுல விரலை வச்சு ஜெயிச்சா, நாளைக்கு நம்ம பேச்சை யாருப்பா நம்புவாங்க?" என்றீர்கள்.

மறுநாள் நிறைந்த அவையில் எழுந்து நின்று தவறைச் சொன்னீர்கள். எல்லோரும் பெரியண்ணன் என்று அழைக்கும் லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் விடுவாரா? "ஏம்மா, செத்தவன் உங்க ஆபீஸ்ல மட்டும் ரெண்டு தடவை சாவானா?" என்றார். மண்டபமே சிரித்தது. எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

"ஒரு தடவை செத்ததே போதும்ணே. அதுக்குத்தான் இங்க வந்து நிக்கிறேன்" என்றீர்கள். சிரிப்பு அடங்கியது. ஆனாலும் விதி ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்தில், யாரும் கேட்காமலே பெரியண்ணன் எழுந்தார். "நாங்க சொன்ன கம்பி விலை, கம்பெனியில வாங்குற விலை. நம்ம பட்டறையில அடிச்சா பாதிதான் ஆகும். வேணும்னேதான் ஏத்திச் சொன்னோம்."

"அண்ணே, நீங்க யார் கட்சி?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"உக்காருடா! அந்தம்மா தன் பக்கத்துத் தப்பை எந்திரிச்சு நின்னு சொல்லிச்சு. எனக்கு மட்டும் என்ன, காலா ஒடிஞ்சு கிடக்கு?"

செலவுத் தட்டு எடை குறைந்து எழும்பிய அன்றே விதி பிழைத்தது. ஒற்றை லாரிக்காரர்களுக்குக் கூடுதல் அவகாசம் வாங்கித் தந்த பிறகுதான் நீங்கள் கையெழுத்திட்டீர்கள். முதல் கூட்டத்தில் கேலி செய்ததற்கு மட்டும் பெரியண்ணன் உங்களிடம் வருத்தமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, நீங்களும் எதிர்பார்த்ததில்லை.

உங்களுக்கு ஒரே ஒரு மனக்குறை. பழைய அரசு வண்டிகளுக்கு விதிவிலக்கு என்றார்கள். நம் அலுவலகத்துப் பழைய லாரி கம்பியில்லாமலே ஓடியது. விலக்குள்ள வண்டிக்குச் செலவு செய்ய வழியில்லை என்று உங்கள் கோரிக்கை ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. மாலையில் அதைக் கடக்கும்போதெல்லாம், "ஊருக்குச் சொன்னோம், நம்ம வண்டிக்கு இல்லையே" என்று முணுமுணுப்பீர்கள்.

பொறுமையின் பொலிவே! நீங்கள் யாரென்றே அறியாமல், சைக்கிளில் பத்திரமாக வீடு திரும்பும் எத்தனையோ பேரின் ஆயுளில் இறைவன் உங்களுக்கும் பங்கு தரட்டும். நோயற்ற உடலும் நிம்மதியான உறக்கமும், பேரப்பிள்ளைகளின் ஓயாத கேள்விகளும் உங்கள் இல்லத்தை நிறைக்கட்டும்!

இறுதியாக ஒரு செய்தி. நேற்று விடுமுறை. இன்று காலை வந்து பார்த்தால், நம் பழைய லாரியின் இருபுறமும் பச்சை வர்ணம் பூசிய புதுக் கம்பி! யார் செய்தது என்று காவலாளிக்கும் தெரியவில்லை, சாப்பிடப் போயிருந்தாராம். வாசலில் உங்களுக்கு ஒரு மாலையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய பெரியண்ணனைக் கேட்டோம்.

"எனக்கென்னப்பா தெரியும்? மழைக்கு முளைச்சிருக்கும்" என்றார். அவர் விரல்களிலும் அதே பச்சை வர்ணம். உள்ளே வரச் சொன்னோம். வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

அவருக்கு என்ன கிடைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் நீங்களே ஒருமுறை அந்தக் கம்பியைத் தொட்டுப் பாருங்கள், அம்மா. பார்த்துத் தொடுங்கள், வர்ணம் இன்னும் காயவில்லை.

உங்கள் தராசின் நேர்மையில் வளர்ந்த,
சாலைப் பாதுகாப்புப் பிரிவின் உடன்பணியாளர்கள்