எல்லா மாட்டுக்கும் இன்றைய தேதி

சிங்காநல்லூரில் பஸ் கிளம்பியதுமே, என் பின்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த தன் ஆபீஸ்காரரிடம் வெடித்தாள்.

“கம்ப்யூட்டர்ல இருக்கறபடி, அந்தியூர்ப் பக்கத்து மாடு அத்தனைக்கும் இன்னைக்குக் காலைலயாங்க தடுப்பூசி போட்டாங்க?”

“ஊர்ப் பேருல எழுத்துப்பிழைங்க. மொத்தமா திருத்திப்போட்டேன், அவ்வளவுதானுங்க.”

“ரெக்கார்டுல எதைத் தொட்டாலும் அன்னைய தேதிக்குத் தானா மாறுற கட்டமுங்க அது. அதையே ஊசித் தேதியா வெக்காதீங்கன்னு அன்னைக்கே சொன்னனுங்க!”

“ஒரு தேதி போதும்னு நெனச்சேனுங்க. பழசைத் திரும்பப் போட்டுறலாமுங்க.”

“காப்பி எடுக்காமத் திருத்திப்போட்டு, பழசுக்கு எங்கீங்க போவீங்க? எந்த மாட்டுக்கு ஊசி பாக்கின்னு நாளைக்கு டாக்டர் கேப்பாருங்க.”

அவர் பையிலிருந்து லேப்டாப்பை எடுக்கப் போனார்.

“ஒண்ணுக்கும் பாக்கியில்லைன்னு நம்ம கம்ப்யூட்டர் சொல்லுமுங்க. போன மாசம் ஊசியில்லாமச் செத்துச்சே, அந்த மாட்டுக்கும் இன்னைக்குப் போட்டாச்சுங்க.”