எட்டுச் சுத்து

— டீச்சர், நடைச் சோதனையில ஆறு நிமிசமும் பேசாம நடக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?

— ஏ நஃபீஸத், நர்சுன்னாலும் இப்பிடியா வெரட்டுவ? எதுக்கால ஐயம்பெருமாள் வாரான். எங்கிட்டப் படிச்ச பய. மூஞ்சியத் திருப்பிக்கிட்டா போவ முடியும்?

— நின்னு, அவரு மவ எங்கன படிக்கான்னு கேட்டீங்க. சரி. லிப்டுப் பக்கம் கூட்டிட்டிருந்த முப்பிடாதி அக்காவுக்குச் சொதி வைக்கப் பக்குவம் சொன்னீங்களே, அது என்னத்துக்கு?

— அவ தேங்காப்பாலக் கொதிக்க விடுதாளாம்ட்டி! திரிஞ்சு போவாதா? அத விடு. இந்த வராந்தாவ எத்தனை சுத்து நடந்தேன்?

— எட்டு.

— மூணு மாசம் முன்னாடி, ஊசி போடுததுக்கு முந்தி?

— அப்பமும் எட்டுதான்.

— போச்சு. எனக்குப் போட்டது வெறும் தண்ணி ஊசி.

— மருந்தா தண்ணியான்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆராய்ச்சி முடிஞ்ச பொறவுதான் சொல்லுவாங்க.

— அவரு என்ன சொன்னாரு? நுரையீரல் ரத்தக்குழாயில 'வீங்கு, வீங்கு'ன்னு ஓயாம ஒரு சேதி போவுதாம். அதுல குழா தடிச்சு, அழுத்தம் ஏறி, இதயம் தள்ள மாட்டாம தவிக்காம். பழைய மாத்திரை குழாயை விரிக்க மட்டுந்தான் செய்யும், இந்த ஊசி சேதி சொல்லுத வாயையே அடைச்சிரும்னாரு. எங்க அடைச்சுது?

— அங்கன அடைச்சுதோ என்னமோ, உங்க வாயை அடைக்கல.

— சிரிக்காதட்டி. பையில விருப்ப ஓய்வுக் கடுதாசி கிடக்கு. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்காங்க. நாப்பது பிள்ளையள் பேரு கூப்பிட மூச்சில்லைன்னா நான் என்னத்த டீச்சரு? எனக்கு அழுகையா வருது.

— அழாதீங்க. பேசிட்டே நடந்ததால இது செல்லாது. நாளைக்கு இன்ஷா அல்லாஹ் மறுபடி நடக்கலாம். அதுக்குத் தனிப் படிவம். பேரு, ஊரு சொல்லுங்க.

— எம் பேரு உனக்குத் தெரியாதாக்கும்? எழுது. சண்முகசுந்தரி, ஆறாங்கிளாஸ் டீச்சர், நடுத்தெரு, சேரன்மகாதேவி. போதுமா?

— டீச்சர்...

— என்னட்டி, பேனாவ வச்சுட்டுப் பாக்க?

— போன தடவை நடந்து முடிச்சதும் இதே மாதிரிதான் பேரு கேட்டேன். 'சண்முக'ன்னுட்டு மூச்சு வாங்க உக்காந்துட்டீங்க. மிச்ச 'சுந்தரி'ய உங்க வீட்டு அண்ணாச்சிதான் சொல்லி முடிச்சாரு.