தியாகுவுக்குத் தோள், எனக்கு ஒரு நாள்

இந்த ஆலை வாயிற்கூட்டத்துக்குத் தலைமையேற்று, தராசு முள்ளாய் நடுவில் அமர்ந்திருக்கும் வரதராஜன் அவர்களே! வார்ப்புக்கூடத்தில் வெந்து, வியர்வையில் நனைந்து வந்திருக்கும் தோழர்களே! மடியில் மழலைகளோடு பனியில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! எனக்கு முன் பேசி, இருந்த கைத்தட்டலையெல்லாம் வாரிக்கொண்டுபோன தம்பி தியாகு அவர்களே! வேதாசலத்தின் வணக்கம்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. மறைப்பானேன்? தியாகு பேசும்போது வராத விமானம், நான் வாய் திறந்ததும் பேகம்பேட்டில் இறங்குகிறது. அவர் ‘உடைப்போம்’ என்றபோது முன்வரிசையில் ஓங்கிக் கைதட்டியவர் யார்? என் மனைவி மங்களம். சிரிக்காதீர்கள், வயிறு எரிகிறது.

போன மாதம் உலையடியில் வேலை பார்க்கும் அப்துல் ரஹீமை சஸ்பெண்ட் செய்தார்கள். தியாகு வாசலில் முழங்கினார். நான் மேனேஜர் அறைக்குப் போனேன்; பேசினேன்; விரட்டினார்; மறுபடி போனேன்; மறுபடி பேசினேன். ரஹீம் வேலைக்குத் திரும்பினார். நீங்கள் என்ன செய்தீர்கள்? தியாகுவைத் தோளில் தூக்கிக்கொண்டு போவன்பள்ளிச் சந்தை வரை போனீர்கள். அவர் காலிலிருந்து விழுந்த செருப்பை ஹேண்டில்பாரில் மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தவன் நான்.

இன்று, கேன்டீனில் நமக்குத் தேநீர் ஊற்றும் லூர்துமேரி அம்மாவை வேலையைவிட்டு நீக்கியிருக்கிறார்கள். டம்ளர் கழுவ வெந்நீர் கேட்டதுதான் குற்றமாம். அநியாயமா? அநியாயம்தான். கோபம் வேண்டுமா? வேண்டும். ஆனால் நாளைக் காலை உலையின் சுவிட்சை இழுத்து அணைத்துவிடுவோம் என்கிறாரே தியாகு, இழுத்தால் என்ன ஆகும்? உருகிய இரும்பு உள்ளேயே உறையும். உறைந்ததை உலையோடு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதுவரை கூடத்துக்குப் பூட்டு. அரசாங்க ஆலையின் உலை எந்த முதலாளியின் சொத்து? அது நம் சொத்து, நம் சோறு. பூட்டிய ஆலையில் லூர்துமேரி யாருக்குத் தேநீர் ஊற்றுவார்?

“நக்கோ, வேண்டாம் பெரியவரே, பயந்துட்டீங்க” என்கிறார் அங்கே ஒருவர். ஹவ் தம்பி, ஆமாம், பயம்தான். உங்கள் வீட்டு அடுப்பை நினைத்துப் பயம்.

இதோ, அந்த அம்மாவே எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அம்மா.

“எனக்காக உலைய அணைக்காதீங்கய்யா. என் ஒருத்தி பொழப்போட போகட்டும்.”

போகவிடுவோமா? போகவிடமாட்டோம். நாளை என்னைப் பார்க்க மேனேஜர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் கொடுங்கள். லூர்துமேரியோடு போகிறேன், லூர்துமேரியோடுதான் வருவேன்.

அவர் கையால் தேநீர் குடித்துவிட்டு, வழக்கம்போல் தியாகுவையே தூக்குங்கள். ஒரு பக்கத்துத் தோள் என்னுடையதாக இருக்கும். போகிற வழியில் அவர் காலைக் கிள்ளினாலும் கிள்ளுவேன். அதை மட்டும் மன்னித்துவிடுங்கள்.

சுவிட்சைத் தொடமாட்டோம் என்பவர்கள் கை தூக்குங்கள். மங்களம், நீயுமா? போதும். எனக்கு இந்தக் கைகள் போதும். நன்றி, வணக்கம்.