ரங்கூன் மல்லிக்குள் ஒரு கத்தரி

நண்பகல் பன்னிரண்டரை மணி. கொள்ளிடக் கரைச் சாலை. ஆள் இல்லை, நாய்கூட இல்லை... பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கரண்ட் வரும்வரை நெருங்கி உட்காருங்கள்.

என்னோடு வேலை பார்க்கும் பிரான்சியின் சித்திக்கு நடந்தது இது. பேட்ரிசியா சித்தி. பாலக்கரையில் வாடகை வீடு மாற்றி மாற்றி அலுத்துப்போய், ஐம்பத்தெட்டு வயதில்தான் கரையோரம் சொந்தமாக ஒரு பழைய வீடு வாங்கினார். மலிவாகத்தான் கிடைத்தது. காரணம், கொல்லையில் இருந்த ரங்கூன் மல்லி. யாரோ அழகுக்கு வைத்த ஒற்றைக் கொடி. வேருக்கு வேர் முளைவிட்டு, மதிலை மூடி, ஓட்டுக்குள் புகுந்து, பின்கதவைத் திறக்கவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தது.

தோட்ட வேலைக்கு வந்த தங்கையன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல கை வைக்காதீங்கம்மா. கை வச்ச ரெண்டு குடும்பமும் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

"நான் எங்க போறது? எனக்கு வேற வீடு கிடையாதுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சித்தியே பெரிய கத்தரியை எடுத்தார்.

கிரிச்.

கொடிக்கு உள்ளேயிருந்து... கிரிச்.

இவர் இரண்டு வெட்டினால், உள்ளேயும் இரண்டு. அந்திக்கு மேல் வர வேண்டிய பூவாசம் உச்சி வெயிலில் குப்பென்று ஏறியது. கூடவே துருவின் வாடை.

நானாக இருந்தால் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியிருப்பேன். சித்திக்கோ கோபம் வந்துவிட்டது.

"யாரா இருந்தாலும் சரி, நீ அங்கேருந்து வெட்டு, நான் இங்கேருந்து வெட்டுறேன். நடுவுல பாத்துக்கலாம்!"

வெட்டினார். உள்ளே இருந்ததும் வெட்டியது. சத்தம் ஒரு முழம் தள்ளி... ஒரு சாண் தள்ளி... கடைசித் தண்டையும் வெட்டித் தள்ளினார்.

எதிரே வெறும் மதில். யாரும் இல்லை.

அப்போதுதான் கேட்டது... முதுகுக்குப் பின்னால். கிரிச்.

சாயங்காலம் பிரான்சி போனபோது, திறந்த பின்கதவருகே நாற்காலி போட்டுச் சித்தி காபி குடித்துக்கொண்டிருந்தாராம். இடுப்புவரை தொங்கும் பின்னலைக் காணோம். கழுத்தோடு ஒரே வெட்டு. கொல்லை முழுக்கத் தேடியும் அது கிடைக்கவில்லை.

"சித்தி, எங்க வீட்டுக்கு வந்துருங்க."

"முடிதானே, எடுத்துக்கிட்டுப் போகட்டும். வீட்டைக் குடுக்க மாட்டேன்டி."

இன்றும் அங்கேதான் இருக்கிறார். தைரியத்துக்கு ஒரு குறையும் இல்லை. உச்சி நேரத்தில் மட்டும், கைவேலையை அப்படியே போட்டுவிட்டு, முதுகைச் சுவரோடு ஒட்டிவைத்து உட்கார்ந்துகொள்கிறார்.